இந்த ஊரில் மட்டும் திறக்காத பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் திகைத்திருப்பாய். உனக்கு மீசை முளைத்த பிறகு நான் கடிதம் எழுதியதே இல்லை. அத்தானும் குட்டியும் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

கைப்பேசியை அணைத்துத் துணி அலமாரியில் போட்டுவிட்டேன். அத்தானுடையதில் உன்னைக் கூப்பிட்டால் அவர் பக்கத்திலேயே நிற்பார். அவர் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் தாளும் பேனாவும்.

கொஞ்ச நாளாக முன்பின் தெரியாத ஆண்கள் கூப்பிடுகிறார்கள். எடுத்ததும் ரேட் என்ன என்கிறார்கள். முதலில் ஒருவனுக்கு, கார் கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறான் என்று நினைத்து, பாடத்துக்கு இவ்வளவு, லைசென்ஸுக்கு இவ்வளவு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்த சிரிப்பில்தான் விஷயம் வேறு என்று புரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஒருவன் பாடத்துக்கே வந்துவிட்டான். பயிற்சி மைதானத்தில் ஒரு சுற்று ஒழுங்காக ஓட்டினான். அடுத்த சுற்றில், "படத்துல பாத்ததவிட நேர்ல நல்லாத்தான் இருக்கீங்க" என்றான். பயிற்சி காரில் என் கால் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. ஓங்கி மிதித்தேன். அவன் மூக்கு ஸ்டியரிங்கில் போய் இடித்தது. எந்தப் படம் என்று கேட்டேன். பயந்துபோய்க் கைப்பேசியைத் திறந்து காட்டினான்.

நம் டிரைவிங் ஸ்கூல் பலகையில் இருக்கிறதே, காரில் சாய்ந்து நிற்கிற படம், அதுதான். கீழே எழுதியிருந்ததை நான் உனக்கு எழுதப்போவதில்லை. என் எண் இருந்தது. எந்த நேரத்தில் மைதானத்தில் தனியாக இருப்பேன் என்பதும் இருந்தது. என்னைப் போல இன்னும் எத்தனையோ பெண்கள் அந்தப் பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். அதன் பெயரைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ இன்டர்நெட் கம்பெனியில்தானே குப்பை கொட்டுகிறாய். ஏதாவது செய்ய முடியுமா? அத்தானுக்கு 'ராங் கால்' வருகிறது என்று மட்டும்தான் தெரியும். பதிலை ஸ்கூல் முகவரிக்குப் போடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை பரபரவென்று இருக்கிறது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஆபீஸில் யாரும் பார்க்காதபடி திரையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. அதை நடத்துகிறவன் ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவனுடைய இயந்திரத்தில் வாடகைக்கு இடம் பிடித்து நடத்துகிறான். எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கேட்டேன். பதில் வராது என்று நினைக்கிறேன்.

என் வேலை என்ன என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்பாய், நான் மழுப்புவேன். இப்போது சொல்கிறேன். ஒருவர் ஒரு பக்கத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் என்ன என்று அவருடைய கைப்பேசி எங்கள் இயந்திரத்திடம் கேட்கும். எங்கள் இயந்திரம் எண்ணைச் சொல்லும். எண் கிடைத்தால்தான் பக்கம் திறக்கும். கேட்டதற்குச் சரியான பதில் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பதிலை மாற்றக்கூடாது என்பது எங்கள் அறையில் முதல் விதி.

விதி இருக்கட்டும். நீ தனியாக மைதானத்துக்குப் போகாதே.

உன் தம்பி


பிப்ரவரி 20

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இனி அந்தப் பக்கம் திறக்காது. நீயே தட்டிப் பார். எப்படி என்று கேட்காதே. அத்தானிடம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. நிம்மதியாகச் சாப்பிடு, தூங்கு.

வாலு


மார்ச் 2

என் தங்கத் தம்பிக்கு,

அக்கா அமோகமாக இருக்கிறேன். குட்டிக்குச் சளி, மற்றபடி வீடு முழுக்கச் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த இயந்திரத்தோடு சேர்ந்து நீயும் மின்சாரம் குடிக்கிறாயா?

ஸ்கூலில் தட்டிப் பார்த்தேன், வீட்டில் பார்த்தேன், எதிர்க் கடையில் பார்த்தேன். வெறும் வெள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூப்பிடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கைப்பேசியை வெளியே எடுத்துவிட்டேன். நேற்றுத் தனியாகப் போய் இரண்டு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. உன் முதல் கடிதம் வந்த மறுநாளே காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மாதிரி. போன வாரம் என்னை உட்காரவைத்து நிலையக் கணினியில் பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மூன்று தரம் தட்டினார். "ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். எடுத்துவிட்டார்கள் மேடம் என்றேன். எனக்கு வாயெல்லாம் பல். அப்படியென்றால் புகாரை முடித்துவிடலாமா என்று கேட்டார். முடித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி உன்னைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவர்கள் தொலைந்தார்கள்.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் சுகம்தான். குட்டியின் சளி போய்விட்டதா?

நீ புகார் கொடுத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. கையெழுத்தே போட்டுவிட்டாயா? திரும்பக் கொடுக்க வழி இருக்குமா என்று சும்மா விசாரித்து வை. ஒன்றுமில்லை, ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்.

இங்கே ஒரு விஷயம். என் இயந்திரத்தில் நான் சேர்த்திருந்த ஒரு வரி மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது. சீட்டைக் கிழிப்பார் என்று நினைத்தேன். அவரோ கதவைச் சாத்திவிட்டு டீ வரவழைத்தார். யாருக்காக என்று கேட்டார், வீட்டு விஷயம் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு ஒரு துண்டில் வேறொரு பெயரை எழுதி என் பக்கம் தள்ளினார். எங்கள் கம்பெனி வாடிக்கையாளர்கள் எங்களைப் பற்றிக் குறை எழுதுகிற பக்கம். "உங்களுக்குத்தான் கை பழகிடுச்சே, இதையும் சேத்துடுங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நீ கேட்பாய். அவருடைய துண்டு சட்டைப் பையில் இருக்கிறது. சட்டையை மாற்றினாலும் அதை மறக்காமல் எடுத்து மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வெளியூர்ப் பயணம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் முன்கூட்டியே எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம்தான் நலமாக இல்லை. ஒரு மாதம் கழித்து எழுதுகிறாய், அதிலும் பாதி விழுங்கிவிட்டு எழுதுகிறாய். வரி என்கிறாய், துண்டு என்கிறாய். மேலாளர் கேட்டது தப்பு என்று தெரிகிறதல்லவா, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா. எனக்காக எதையாவது செய்து அவரிடம் மாட்டிக்கொண்டாயா? அதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

நான் வெளியூர் போவது உனக்கு எப்படித் தெரியும்? டிரைவிங் பயிற்சியாளர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற வகுப்பு, பக்கத்து நகரத்தில். வருகிற 15ஆம் தேதி கிளம்புகிறேன். போனால்தான் உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். பெண் நான் ஒருத்திதான் என்று கேள்வி.

ஒரு சந்தேகம். இப்போதும் எப்போதாவது ஒருவன் கூப்பிடுகிறான். கவனித்துப் பார்த்தால் எல்லாம் வெளியூர் எண்கள். இந்த ஊர்க்காரன் ஒருவன்கூட இல்லை. பழைய வாடை இன்னும் போகவில்லை என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். நகரத்துக்குப் போகாதே. போயே ஆகவேண்டும் என்றால் இதைப் படித்துவிட்டுப் போ.

அந்தப் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயருக்கு எண் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்படி எங்கள் இயந்திரத்தில் ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. உன் ஊரில் எங்கள் இணைப்பு இல்லாத வீடும் கைப்பேசியும் கிடையாது, அதனால் அங்கே யாருக்கும் அது திறக்காது. காவல் நிலையத்திலும் எங்கள் இணைப்புதான். நீ போகிற நகரத்தில் வேறு கம்பெனி. அங்கே திறக்கும்.

'எடுத்துவிட்டேன்' என்று நான் எங்கும் எழுதவில்லை. நீ அப்படி எடுத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. உன் மார்ச் கடிதத்தில் அத்தனை சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இயந்திரத்தைத்தானே பொய் சொல்லவைத்தோம், உயிரா போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று உன் எண்ணுக்குக் கூப்பிட்டேன், நீ வண்டியில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. அத்தானுக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். அவரிடம் எதைச் சொல்வது? உடம்பு எப்படி, அச்சகத்தில் வேலை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் கடிதம் நான் திரும்பி வந்தபோது ஸ்கூல் கதவுக்கு அடியில் கிடந்தது.

வகுப்பின் இரண்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளை. ஹாலுக்குள் நான் வந்ததும் பேச்சு நின்றது. ஒரு மேஜையில் நாலைந்து பேர் ஒரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், வயதானவர், எழுந்து என்னிடம் வந்தார். "இது உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. தெரிஞ்சிருக்கணும்னு தோணிச்சு" என்று தன் கைப்பேசியை நீட்டினார். அந்தப் பக்கம். திறந்து கிடந்தது.

அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எடுத்துவிட்டார்களே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

அது அப்படியே இருக்கிறது என்று எழுதினாயே, அதுவும் தப்பு. அது வளர்ந்திருக்கிறது. அடியில் ஆள் ஆளாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது நம் வீட்டுத் தெரு இருக்கிறது. குட்டியின் பள்ளிக்கூட வாசலில் நான் அவளைக் கூட்டிக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறது. யாரோ பின்னாலேயே வந்து எடுத்திருக்கிறான். நான் அந்த நாட்களில் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டு வண்டி ஓட்டினேன்.

இயந்திரத்தைத்தானே பொய் சொல்லவைத்தோம் என்று எழுதியிருக்கிறாய். இயந்திரம் என்னத்தை நம்பிற்று? நம்பியது நான். புகாரில் கையெழுத்துப் போட்டது நான்.

நேற்று நிலையத்துக்குப் போனேன். அந்தப் பெரியவர் தன் கைப்பேசியிலிருந்து எடுத்துக்கொடுத்த படங்களைக் காட்டினேன். அது மட்டும் போதாதாம். சாட்சி வைத்து நிலையக் கணினியில் திறந்து, அச்செடுத்தால்தான் புகாரை மறுபடி எடுக்க முடியுமாம். பெயர் எழுதிய துண்டை எடுத்துக்கொடுத்தேன், தட்டினார், வெள்ளை. "நீங்கதானேம்மா இல்லைனு எழுதிக் குடுத்தீங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. உன் பெயரை நான் சொல்லவில்லை.

உன் வரியை எடுத்துவிடு. மே 6ஆம் தேதி காலை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார். அத்தானைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவரிடம் இன்று சொல்லப்போகிறேன்.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வரியை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் வெகு நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்த நிமிஷத்திலிருந்து உன் ஊரில் எல்லோருக்கும் அது திறக்கும். எதிர்க் கடைக்காரன், உன்னிடம் படிக்கிறவர்கள், குட்டியின் பள்ளிக்கூடத்தில் இருக்கிற டீச்சர்கள். என் வரி இருந்தபோது உனக்கு வந்த தொல்லை குறைந்தது, அதுவும் உண்மைதானே? அதில் வரிசையாக நின்ற மற்றப் பெண்களுக்கும் குறைந்திருக்கும். அவர்களில் யாராவது உன்னைப் போலவே புகாரை முடித்துக்கொண்டும் போயிருப்பார்கள். நான் செய்தது முழுக்கத் தப்பா, சொல்லாமல் செய்தது மட்டும் தப்பா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தூக்கம் வரவில்லை.

மேலாளரிடம் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். "அப்ப உங்க வீட்டு விஷயம்?" என்றார். அதையும் எடுத்துவிட்டேன், உத்தரவில்லாமல் சேர்த்தது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டதையும் எழுதிவிட்டேன் என்றேன். அவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். என்னைத்தான் அந்த அறையிலிருந்து தூக்கி, வாடிக்கையாளர் புகார் கேட்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். நெட் வரவில்லை என்று நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறேன். ஒருவகையில் பொருத்தமான இடம்தான்.

6ஆம் தேதி நானும் வரட்டுமா?

உன் தம்பி


மே 9

தம்பிக்கு,

நீ வரவேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதுவதற்குள் 6ஆம் தேதி வந்துவிட்டது.

திறந்தது. சப்-இன்ஸ்பெக்டர், எழுத்தர், சாட்சிக்கு வந்த இரண்டு பேர், அத்தான், நான். அத்தனை பேர் நடுவில் என் முகம் திரையளவு பெரிதாக வந்தது. எனக்கு அவமானத்தில் உடம்பு கூசிற்று. ஆனால் ஒன்று சொல்கிறேன், அதை அவர்கள் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஒரு ஆறுதலும் வந்தது. ஏப்ரலிலிருந்து அந்த நிலையத்தில் நான் ஒரு பொய்க்காரி. அன்றைக்கு இல்லை.

அத்தானின் வேலைதான் உனக்குத் தெரியுமே, அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எதையும் மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். போதும் வாங்க என்று தோளைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. முடித்துவிட்டு, "பக்கம் பக்கமா எடுங்க மேடம். ஒரு வரி விட்டுடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். உன்னிடம் நான் கேட்க நினைத்த அதே கேள்வி.

குட்டியைத் தினமும் அவரே பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருகிறார். கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்து, இந்த எண் போலீஸ் விசாரணையில் இருக்கிறது, உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறேன். பெரும்பாலும் வைத்துவிடுகிறார்கள்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். இந்த முறை மனசாரத்தான் எழுதுகிறேன்.

அது போய்விட்டது, அக்கா. உன் புகாரோடு இன்னும் சில பெண்களின் புகாரும் சேர்ந்து நீதிமன்றம் வரை போனது உனக்குத் தெரியும். இடம் வாடகைக்கு விட்டவனே கடையை இழுத்து மூடிவிட்டான். எழுதியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது நாளாகும் போலிருக்கிறது. ஆனால் பக்கம் போனது நிஜம். எங்கள் இயந்திரத்தில் மட்டும் இல்லை, எங்கேயுமே இல்லை. வெவ்வேறு நாட்டு இயந்திரங்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு. ஒரு வரி பதில் போடு.

உன் வாலு


ஜூன் 27

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ இளைத்துவிட்டாய் என்று அத்தான் சொல்கிறார், நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து. நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதம் வந்ததும் நான் செய்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நகரத்து வகுப்பில் வந்து சொன்ன பெரியவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அண்ணன் வெளியூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான், அவனிடம் கேட்டேன். அச்சகத்துக்குத் தாள் அனுப்புகிற ஏஜென்டிடம் அத்தானை விட்டுக் கேட்கச் சொன்னேன். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டரிடமும் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

தம்பி சொன்னால் போதும் என்று இருந்தவள் நான். இன்றைக்கு நாலு ஊரில் நாலு பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியவன்கூட என்னிடமிருந்து இதை எடுக்கவில்லை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். நீ என்மேல் வைத்த பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் வார்த்தையில்தான் இருக்கிறது.

லீவு போட்டுவிட்டு வா. நல்ல செய்தி எதுவும் கொண்டுவர வேண்டாம். எனக்குத் தாங்காது என்று நீ சொல்லாமல் வைத்திருக்கிற கெட்ட செய்தி ஏதாவது இருக்கும், சின்னதோ பெரியதோ, அதைக் கொண்டு வா. என் எதிரில் உட்கார்ந்து நீ அதைச் சொல்லு. நான் தாங்குவதை நீ பார்.

காத்திருக்கும்,
அக்கா